ஒண்ணு எந்தப் பக்கம்

ஞானதாசன் அந்த வெள்ளை '1'-ஐத் துடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சபை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, வேட்டியை மாற்றிவிட்டு, சோறுகூடத் தின்னாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தார். அழகியமண்டபத்திலிருந்து திருவட்டாறு போகிற ரோட்டில், ரப்பர் தோட்டத்துக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். இருபத்திரண்டு வருஷமாக அவருடையது. அன்று உள்ளே ஒரே ஒரு கார்தான் நின்றது. முந்தின நாள் காலையில் பாறசாலை தாண்டி நடுரோட்டில் கரும்புகை கக்கி நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட டீசல் வண்டி.

வண்டி திருவட்டாற்றுக்காரன் ரெனிஷுடையது. அவனுக்கு மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்திருந்தது. விசாவில் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. போதாக்குறைக்கு, விமானம் ஏறவேண்டிய கேரளத்தில் அன்று கடையடைப்பு. களியக்காவிளைக்கு அப்பால் பஸ் கிடையாது, டாக்சி கிடையாது. ஏர்போர்ட் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிய சொந்த வண்டிகளை மட்டும்தான் விடுவார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இஞ்சின் ஒரு மாதிரி இடிக்குது. நாளைக்கு இதை நம்பித்தான் எறங்குதேன். நல்லாப் பாத்துத் தாங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

ஞானதாசன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஒன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று காட்டியது. டீசலை அளவாகப் பீய்ச்ச வேண்டிய மூக்கு சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டிருந்தால், சிலிண்டருக்குள் தீ கண்டபடி எரியும். வேகமாக ஓட்டினால் பிஸ்டனையே உருக்கிவிடும். அவருக்குத் தெரியாத விஷயமில்லை. வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்தார். பெல்ட் ஓடுகிற பக்கத்தில், முதல் இன்ஜெக்டருக்குப் பக்கத்தில் '1' என்று பெரிதாக எழுதினார். பதினெட்டு வயதில் ஸ்பானர் பிடித்த நாள் முதலாக பெல்ட் பக்கம்தான் ஒன்று. நாலு சிலிண்டர் வண்டி என்றால் அங்கிருந்து கியர்பாக்ஸ் பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இதையெல்லாம் யாராவது யோசித்துச் செய்வார்களா?

"இசக்கி, ஒண்ணாவத மார்க் பண்ணியிருக்கேன். நான் மார்த்தாண்டத்துல போயி சாமானம் வாங்கிட்டு வாறேன், நீ இதைக் கழத்தி வையி" என்றார்.

இசக்கி அவரிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவன். நாற்பது வயது. திங்கள்சந்தைப் பக்கம் வீடு. அதற்கு முன்னால் ஆறு வருஷம் சார்ஜாவில் ஒரு கராஜில் இருந்துவிட்டு வந்தவன். பேச்சு குறைவு, கை சுத்தம். அவன் கழற்றி வைத்தான். ஞானதாசன் கொண்டுவந்த புதியதை மாட்டினான். சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் செய்து, பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துக் கேட்டான்.

"அண்ணே, சத்தம் அப்படியேதான் கெடக்கு. எதுக்கும் இன்னொருக்கா ஸ்கேன் போட்டுப் பாப்பமா?"

அன்றைக்கு ஞானதாசனின் மைத்துனர் வீட்டில் பிள்ளைக்குப் பெயரிடும் சடங்கு. மனைவி கிரேசி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். ரெனிஷும் வாசலில் வந்து நின்றான்.

"புது இன்ஜெக்டர்லா. கொஞ்சம் ஓடுனா சரியாவும்" என்று சொல்லி, ஞானதாசன் பானெட்டை மூடினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே பானெட்டைத் திறந்து, நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, அந்தத் துளைகள் வழியாகச் சின்னக் கேமரா ஒயரை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, போனில் பார்த்தார். பெல்ட் பக்கத்துப் பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது நல்லது. மூன்றாவது நல்லது. கியர்பாக்ஸ் பக்கத்தில் கடைசியாக இருந்த பிஸ்டனின் நடுவில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். போனில் அந்த வண்டியின் மாடலைப் போட்டுத் தேடினார். படத்தோடு வந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தலைகீழாக எண்ணுகிறவர்கள். அவர்களுக்கு ஒன்று என்பது கியர்பாக்ஸ் பக்கம். ஸ்கேனர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒழுகிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, கேடு ஒன்றுமில்லாத நாலாவதை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருக்கிறார்கள் என்ன, அவர்தான் மாற்ற வைத்திருக்கிறார். இஞ்சின்மேல் அவர் கையெழுத்தில் '1' வெள்ளையாக நின்றது.

மறுநாள் காலையில் ரெனிஷ் வருவதாகச் சொல்லியிருந்தான். பழந்துணியில் தின்னரை ஊற்றித் துடைக்கும்போது, அழுக்கைத்தான் துடைக்கிறோம் என்று ஞானதாசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எண் போன பிறகும் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ரெனிஷ் தனியாக வரவில்லை, அம்மா நேசம்மாளும் கூட வந்தாள். மஸ்கட் கம்பெனி அவனுக்குப் பதிலாக வேறு ஆளை எடுத்துவிட்டதாம். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஞானதாசனுக்குத் தோன்றியது. "என்ன ஆச்சுதுண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றான்.

"மாத்த வேண்டியதை மாத்தாம, வேற சிலிண்டர்ல மாத்தியாச்சு."

"யாரு மாத்துனது?"

ஞானதாசன் தரையைப் பார்த்தார். "மாத்துனது இசக்கியாக்கும்" என்றார். அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை என்பது அவருக்கு அப்போதே ஒரு பிடிமானமாக இருந்தது.

ஓரமாக நின்று கை துடைத்துக்கொண்டிருந்த இசக்கி நிமிர்ந்தான். "அண்ணே, நீங்க மார்க் போட்ட எடத்துலதானே மாத்துனேன்." சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் போனான். "இந்தா, இஞ்ச ஒண்ணுண்ணு..."

அவன் கை நின்றது. கறுத்துப் பிசுபிசுத்த இஞ்சினில் அந்த ஒரு இடம் மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. இசக்கி குனிந்து பார்த்தான். பிறகு திரும்பி ஞானதாசனின் முகத்தைப் பார்த்தான்.

"மார்க்கா? நான் ஒண்ணும் மார்க் போடல்லியே" என்றார் ஞானதாசன்.

இசக்கி ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. ரெனிஷ்தான் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான், நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். இசக்கி ஸ்பானர் மேசைமேல் போய் விழுந்தான். நேசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "எண்ணத் தெரியாத நீயெல்லாம் எதுக்குடே இந்த வேலைக்கு வந்தே? ஒரு குடும்பத்துக்க வாயில மண்ணள்ளிப் போட்டிட்டியே" என்று அழுதாள்.

இசக்கி எழுந்தான். அவனுடைய சொந்த ஸ்பானர்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான். சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினான்.

ஞானதாசன் அந்த இஞ்சினைத் தன் செலவில் இறக்கி, புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். பதினொரு நாள் வேலை. தனி ஆளாகச் செய்தார். ரெனிஷ் வண்டியை எடுக்க வந்த அன்று நேசம்மாள் வீட்டுப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "வேலைக்காரன் செய்த தப்புக்கு மொதலாளி இப்பிடிச் செய்வாராண்ணு நாடு முழுக்கப் பேசுது" என்றாள். ஊரும் அப்படித்தான் பேசியது. டீக்கடையில், சபையில், சந்தையில், ஞானதாசனைப் போல ஒரு மனுஷன் உண்டா என்றார்கள். பலாப்பழத்தைக் கிரேசி வெட்டி வைத்தாள். அவர் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை.

இசக்கியின் காரியம் வேறாகப் போனது. ரெனிஷ் திங்கள்சந்தையில் இசக்கியின் வீட்டு முற்றத்துக்கே போய், அவன் மனைவி சுபிதா கேட்க, அக்கம்பக்கம் கேட்க, வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தானாம். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எந்த ஒர்க்‌ஷாப்பும் அவனைச் சேர்க்கவில்லை. எந்த வாசலில் போய் நின்றாலும், யாராவது ஒருத்தன், "இசக்கியண்ணே, ஒண்ணு எந்தப் பக்கம்?" என்று கேட்பான். அப்புறம் சிரிப்பு. அதுவே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் இராஜாக்கமங்கலம் துறையில் மீன்பிடி வள்ளங்களுக்கு இஞ்சின் பார்க்கப் போய்விட்டான் என்று கேள்வி.

ஞானதாசனால் சரியாகத் தூங்க முடிந்தது, சாப்பிட முடிந்தது. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மாத முதல் ஞாயிறு, பாவத்தை அறிக்கையிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த கிரேசி, "என்ன, வாரல்ல?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார். அடுத்த மாதமும் வயிறு சரியில்லை. மூன்றாவது மாதம் அவள் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தாள். எந்த வண்டி வந்தாலும் அவர் இப்போது சிலிண்டர் எண்களைப் போட்டுவிட்டு, போனில் படத்தைப் பார்த்து, திரும்ப எண்ணி, அழித்து, திரும்பப் போட்டார். வந்தவர்கள், என்ன ஒரு கவனம் என்று மெச்சினார்கள்.

ஐந்தாவது மாதம். சந்திப்பில் டீக்கடையில் நாலைந்து மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். பேச்சு எப்படியோ இசக்கியிடம் போனது. தக்கலைக்காரன் வினோஜ், "இப்பம் துறையில வள்ளக்காரனுவகிட்ட அவன் என்ன சொல்லுதானாம் தெரியுமா? 'அண்ணமாரே, ஒத்தச் சிலிண்டர் இஞ்சின் இருந்தா மட்டும் கொண்டு வாங்க. அதுலண்ணா எண்ண வேண்டாம்லா'ண்ணு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஞானதாசனும் சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் அவருக்குத் தன் சிரிப்பு காதில் விழுந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிரேசி முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எண் போட்டதை, சத்தம் மாறவில்லை என்று இசக்கி சொன்னதை, தின்னரை, சற்று முன்னால் சிரித்ததை.

கிரேசி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பலாப்பழத்த எனக்கும் தின்னத் தந்தீங்களே" என்றாள்.

"கிரேசி..."

"எனக்கிட்டச் சொன்னா தீந்துதா? நான் என்ன இசக்கியா?"

மறுநாள் காலை ஞானதாசன் இராஜாக்கமங்கலம் துறைக்குப் போனார். கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்த வள்ளங்களுக்கு நடுவே, ஓலை வேய்ந்த சாய்ப்பு ஒன்றின் கீழ் இசக்கி இருந்தான். வெயிலில் கறுத்து மெலிந்திருந்தான். கழற்றிய இஞ்சின் ஒன்றின் உப்புத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தவன், நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு வேலையைத் தொடர்ந்தான்.

"இசக்கி. அந்த மார்க்க நான்தான் போட்டேன். நான்தான் துடைச்சேன்."

வழியெல்லாம் அவர் வேறு மாதிரித்தான் தொடங்குவதாக நினைத்திருந்தார். ஆனால் வந்தது இது.

"தெரியும்" என்றான் இசக்கி. "தின்னருக்க மணம் போகல்ல. குனிஞ்சப்பளே மூக்குல அடிச்சுது."

"பின்ன ஏன்டே நீ ஒண்ணும் சொல்லல்ல?"

"சொன்னா யாரு நம்புவா? ஒர்க்‌ஷாப் ஒங்களுக்கது. அவிய உங்களப் பாத்து வந்தவிய." சுரண்டிய துருவை ஊதினான். "அது மட்டும் இல்லண்ணே. சார்ஜால நான் இந்தக் கம்பெனி வண்டியில கை வச்சவனாக்கும். எண்ணுகது தலைகீழாக்கும்ணு எனக்குத் தெரியும். ஆனா உங்க எழுத்தப் பாத்ததும் கை தானே போயிட்டு. ஒம்பது வருசம் உங்க எழுத்த நம்பித்தானே வேலை செய்தேன். அதுனால பாதித் தப்பு எனக்கது. அத நான் சொமப்பேன். நீங்க முழுசையும்லா எனக்க தலையில வச்சிட்டீங்க."

ஞானதாசன் மணலில் உட்கார்ந்தார். "திரும்பி வா மக்கா" என்றார்.

"வரல்ல."

"கோவம் போகல்ல, இல்லியா?"

"போச்சுண்ணு சொன்னா பொய்யாக்கும்." இசக்கி முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தான். "சுபிதா இப்பமும் பக்கத்து வீட்டுல தண்ணியெடுக்கப் போகமாட்டா. அந்தப் பய முற்றத்துல நிண்ணு பேசினத அத்தனை பேரும் கேட்டிருக்காவ. நீங்க எனக்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டு, மனசாறிட்டுப் போவீங்க. அவளுக்கு என்ன?"

"நான் ரெனிஷ்கிட்டப் போறேன். நீயும் வாறியா?"

"நான் எதுக்கு? நீங்க ஒத்தைக்குப் போங்க."

அங்கிருந்து ஞானதாசன் நேராகத் திருவட்டாற்றுக்குப் போனார். பாதி வழியில், நாளைக்குப் போகலாமே என்று பைக்கை ஓரம் கட்டி ஒரு தடவை நின்றார். பிறகு நாளைக்கும் இப்படித்தான் தோன்றும் என்று தெரிந்ததால் கிளம்பினார்.

ரெனிஷ் மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு விடுமுறை. நேசம்மாள் சிரித்த முகமாக வாசலுக்கு வந்து, "ஞானதாசண்ணனா? வாங்க, வாங்க. ஏலே ரெனிஷ், யாரு வந்திருக்காண்ணு பாரு" என்றாள். நாற்காலி போட்டாள். சாயா போட உள்ளே போகப் போனவளை அவர் தடுத்தார்.

"சாயா வேண்டாம். நான் சொல்லுகதக் கேட்டுட்டு, பெறவு தரணும்ணு தோணினாத் தாங்க."

சொன்னார். இசக்கியிடம் சொன்னதைவிட இங்கே கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

ரெனிஷ் திண்டில் சாய்ந்து நின்றவன் மெல்ல உட்கார்ந்தான். தன் வேலை போனதைப் பற்றி அவன் பேசவில்லை. "நான் அந்த மனுசன அடிச்சேன்" என்றான். பிறகு, "அவருக்க வீட்டுக்குப் போயி, அந்த அக்கா முன்னால... என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்லா. தெரிஞ்சுதானே இருந்தீங்க, இத்தன மாசமும்?" என்றான்.

"தெரியும்."

நேசம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலையிலயும் சாயங்காலமும் ஜெபத்துல உங்க பேரச் சொல்லித் தோத்திரம் பண்ணினேனே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. காணாமல்போன ஒரு பொருளைத் தேடுகிறவள் மாதிரி கேட்டாள். "நான் அந்தப் பேர இனி எங்க கொண்டு வைக்க?"

ஞானதாசன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அவரைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. சாயா வரவில்லை. அவராக எழுந்து வெளியே வந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் போனை எடுத்தார். தாலுகா மெக்கானிக்குகள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எழுதினால் மழுப்பிவிடுவோம் என்று பயந்து, குரலில் பதிவு செய்தார். "அழகியமண்டபம் ஞானதாசன் பேசுதேன். இசக்கிக்கு எண்ணத் தெரியாதுண்ணு நீங்க சொல்லிச் சிரிச்சிட்டு இருக்கது தப்பு. எண்ணத் தெரியாதது எனக்காக்கும். மார்க்கத் தப்பாப் போட்டது நான். அதைத் துடைச்சிட்டு அவன் தலையில போட்டதும் நான். சத்தம் மாறல்லண்ணு அவன் சொன்னான், நான் கேக்கல்ல. இதுதான் நடந்தது." அனுப்பிவிட்டு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஒரு மணி நேரம் போனது. பிறகு வினோஜ் அழைத்தான். "அண்ணே, இத எதுக்குப் போய் குரூப்புல போட்டீங்க? கெடந்தது கெடக்கட்டும்லா" என்றான். "கெடந்தது இசக்கிக்க மேலயாக்கும் மக்கா" என்றார் ஞானதாசன்.

சொன்னதற்கு விலை உண்டு. வாடிக்கையாக வந்துகொண்டிருந்த டாக்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வண்டியை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். சபையில் பக்கத்தில் உட்காருகிற ஞானையன், இரண்டு பெஞ்சு முன்னால் போய் உட்கார்ந்தார். ஆனால் ரெனிஷும் நேசம்மாளும் ஒரு நாள் திங்கள்சந்தைக்குப் போய், இசக்கியின் முற்றத்திலேயே நின்று, சத்தமாக, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்படி மன்னிப்புக் கேட்டார்கள் என்று கிரேசி சந்தையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சுபிதா அவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாளாம். இசக்கி துறையில் வள்ள வேலையை விடாமல், பக்கத்திலேயே கார்களும் நிற்கிற மாதிரி சாய்ப்பை நீட்டிக் கட்டியிருக்கிறான் என்றும் சொன்னாள்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், ஒரு பாங்க் மேனேஜர் வெளிநாட்டுக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இஞ்சின் ஒரு காலில் நொண்டுகிற மாதிரி ஓடியது. ஞானதாசன் கேட்டுப் பார்த்தார். அவரால் செய்ய முடியாத வேலை இல்லை.

"இந்த வண்டிய என்ன விட நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான் சார். இராஜாக்கமங்கலம் துறை வரைக்கும் போகணும். பரவாயில்லியா?" என்று வழி சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் அந்த மனிதர் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி இறங்கினார். இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஞானதாசனுக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது.

"நல்ல மெக்கானிக்குங்க. ஒவ்வொரு சிலிண்டரையும் எனக்கே காட்டித்தான் வேலை செஞ்சார்" என்றார் மேனேஜர்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னானா சார்?"

"நீங்க அனுப்புனீங்கன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டார். ஒண்ணும் சொல்லலை."

ஞானதாசன் தலையாட்டினார். இசக்கி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், கிளட்ச் மாற்றக் கழற்றிப் போட்டிருந்த ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார்.